ஐந்து சதவீதக்காரரின் வீடு: லிஸ்பன் குல்பென்கியனுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

லிஸ்பனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து சேரும் நம்மூர் ஆட்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்பது. இரண்டாவது, "குல்பென்கியன், குல்பென்கியன் என்கிறார்களே, அது என்ன இடம்?" கேட்பதில் தப்பில்லை. ஒருவர் அதை மியூசியம் என்பார். இன்னொருவர் கச்சேரி அரங்கம் என்பார். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அது வாத்துகள் இருக்கிற பூங்கா. பல்கலைக்கழகத்தில் கேட்டால் உதவித்தொகை தருகிற இடம். எல்லாமே ஒரே அறக்கட்டளை, பெரும்பாலும் ஒரே வளாகம்.

சும்மா நுழைந்து இரண்டு மணி நேரத்தில் "நிறைய பொருள் இருந்தது" என்று வெளியே வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன். காரணம், அதை ஒரு அரசு அருங்காட்சியகம் மாதிரி நினைத்துக்கொண்டு போனதுதான். அது அப்படியல்ல. ஒரே ஒரு மனிதர் ஆசைப்பட்டு, பேரம் பேசி, ஒளித்து வைத்து, கடைசியில் யாரிடம் விடுவது என்று தெரியாமல் தவித்துச் சேர்த்த பொருள்கள் அவை. அந்த மனிதரைத் தெரிந்துகொண்டு போனால் அறைகள் பேசத் தொடங்கும்.

முதல் வேலை: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மெட்ரோவில் போகும்போதே இதைப் படித்துவிடலாம்.

கலூஸ்த் குல்பென்கியன் ஆர்மீனியர். 1869-ல் இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் உள்ள உஸ்குதாரில், வணிகக் குடும்பத்தில் பிறந்தார். ஆர்மீனியர் என்றதும் நமக்கு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. சென்னை ஜார்ஜ் டவுனில் நாம் அரண்மனைக்காரத் தெரு என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்கும் அரண்மனைக்கும் சம்பந்தமே இல்லை. ஆர்மீனியன் தெரு என்பது நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை அச்சானதும் 1794-ல் நம் சென்னையில்தான். எங்கே போனாலும் கடை போட்டு, கோயில் கட்டி, புத்தகம் அச்சிட்ட கூட்டம் அது.

குல்பென்கியன் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பொறியியல் படித்தார். இன்றைய அஜர்பைஜானில் உள்ள பாகு எண்ணெய் வயல்களைப் போய்ப் பார்த்து எழுதினார். அப்புறம் எண்ணெய் நிறுவனங்களையும் வங்கிகளையும் அரசுகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிற தரகு வேலை. 1912-ல் உருவான துருக்கி பெட்ரோலிய நிறுவனத்துக்குப் பின்னால் இருந்தவர் அவர். 1914-ல் பங்கு பிரித்தபோது அவருக்குக் கிடைத்தது ஐந்து சதவீதம். 1927-ல் அந்த நிறுவனம் இராக்கின் கிர்குக் அருகே தோண்டியபோது எண்ணெய் பீறிட்டது. பெரிய பலாப்பழத்தில் ஐந்து சுளை என்றாலும் ஊருக்கே பந்தி போடலாம் இல்லையா? 'ஐந்து சதவீதக்காரர்' என்ற பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் அவர், ஜெர்மனிக்குப் பணிந்த பிரெஞ்சு அரசு இயங்கிய விஷி நகரில் இருந்தார். அவர் பிரிட்டன் குடிமகன்தான். ஆனாலும் பிரிட்டன் அவரைச் சட்டப்படி எதிரி என்று வகைப்படுத்தி, எண்ணெய்ப் பங்கையும் முடக்கி வைத்தது. பிறகு அதை விலக்கிக்கொண்டாலும் அந்தக் கசப்பு போகவில்லை. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் தன் படங்களை வைக்கலாம் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் மெல்ல ஒதுங்கினார். 1942 ஏப்ரலில் லிஸ்பனுக்கு வந்து அவீஸ் என்ற ஓட்டலில் தங்கினார். கொஞ்ச நாள் தங்கத்தான் வந்தார். 1955 ஜூலையில் சாகும் வரை அங்கேயே இருந்துவிட்டார்.

அவர் சாகும்போது பொருள்கள் சிதறிக் கிடந்தன. பாதி பாரிஸ் வீட்டில், படங்கள் பல வாஷிங்டனில் இரவலாக. எல்லாம் ஒரே கூரையின் கீழ் சேர வேண்டும் என்பது அவர் விருப்பம். உயிலில் இருந்த அறக்கட்டளை 1956-ல் லிஸ்பனில் பிறந்தது. எந்த நாட்டில், யார் தலைமையில் என்பதில் இழுபறி நடந்தது. அவருடைய போர்ச்சுகீசிய வழக்கறிஞர் அசெரெடு பெர்திகாவ்தான் கடைசியில் வென்றார். 1993 வரை அவரே தலைவர்.

எந்த நாள், எந்த வழி

நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து வந்த சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை போய் நின்றேன். செவ்வாய் விடுமுறை. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. "அப்போ பூங்காவையாவது பார்ப்போம்" என்றார். நல்லவேளை, அதனால்தான் அந்தப் பூங்காவை ஒழுங்காகப் பார்த்தேன்.

மெட்ரோவில் சாவ் செபாஸ்தியாவ் நிலையத்தில் இறங்குங்கள். நீலக் கோடும் சிவப்புக் கோடும் அங்கே சந்திக்கின்றன. விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சிவப்புக் கோடு நேராகவே கொண்டுவந்து விடும். நீலக் கோட்டில் அடுத்த நிலையமான ப்ராசா தெ எஸ்பான்யாவிலிருந்தும் நடந்துவிடலாம்.

முக்கியமான விஷயம்: பழைய அருங்காட்சியகக் கட்டடம் புதுப்பிப்பதற்காக 2025 மார்ச்சில் மூடப்பட்டது, 2026-ல் திறப்பதாக அறிவித்தார்கள். எனவே கிளம்பும் முன் அறக்கட்டளையின் இணையதளத்தை ஒருமுறை திறந்து, எந்தக் கட்டடம் திறந்திருக்கிறது, சீட்டு என்ன விலை, எந்த நேரம் இலவசம் என்று பார்த்துவிடுங்கள். அடுத்துச் சொல்லும் பொருள்களை எந்த அறையில் வைப்பார்கள் என்பது மாறலாம். அதனால் அறை எண் சொல்லாமல் பொருளின் பெயரையே சொல்கிறேன். வாசலில் காட்டிக் கேளுங்கள்.

உள்ளே போகும் முன் வெளியே ஒரு சுற்று

சீட்டு வாங்க ஓடாதீர்கள். முதலில் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அதற்குச் சீட்டு வேண்டாம்.

1969 அக்டோபரில் திறந்த கட்டடம். பூசாத கான்கிரீட், தாழ்ந்து கிடையாகப் படுத்த உருவம். கோபுரமும் கிடையாது, தூண் வரிசையும் கிடையாது. எண்ணெய்க் கோடீஸ்வரர் பேரில் கட்டியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அத்தௌகியா, சித், பெசோவா என்ற மூன்று கட்டடக் கலைஞர்களும், ரிபெய்ரு தெலெஸ், வியானா பரெத்து என்ற இரண்டு தோட்டக் கலைஞர்களும் சேர்ந்து யோசித்தது. தோட்டம் கட்டடத்தைச் சுற்றிப் போட்ட அலங்காரமல்ல. உள்ளே ஒரு சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண்ணாடிக்கு வெளியே மரம் நிற்கும். 2010-ல் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள்.

குல்பென்கியனின் சிலையையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். உட்கார்ந்திருக்கிறார், அவருக்குப் பின்னால் அவரைவிடப் பெரியதாக எகிப்தின் பருந்துக் கடவுள் ஹோரஸ். எனக்கு அது ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வத்தை ஞாபகப்படுத்தும்.

உள்ளே: ஏழெட்டுப் பொருள் போதும்

மொத்தச் சேகரிப்பு சுமார் 6,000 பொருள்கள். காட்சியில் வைப்பது ஏறத்தாழ ஆயிரம். அத்தனையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது, கல்யாணப் பந்தியில் எல்லாப் பதார்த்தத்தையும் முடிக்கப் பார்ப்பது மாதிரி. அவர் வாங்கும்போது சிறந்தது மட்டுமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். எனவே எதன் முன் நின்றாலும் நஷ்டமில்லை. நான் விருந்தாளிகளைக் கூட்டிப்போகும் வரிசை இது.

எகிப்துப் பகுதியில் கருங்கண்ணாடி போன்ற எரிமலைக் கல்லில் செதுக்கிய ஓர் அரசனின் தலை. மூன்றாம் செனுஸ்ரெத் என்கிறார்கள். உள்ளங்கையில் பிடித்துவிடலாம் போலிருக்கும், அவ்வளவு சிறியது. களைத்த கண்கள், தொங்கும் இமை. அரசர்களை எப்போதும் இளைஞர்களாகவே செதுக்கிய நாட்டில் இப்படி ஒரு முகம்.

இஸ்லாமியக் கிழக்குப் பகுதிக்கு வாருங்கள். துருக்கியின் இஸ்னிக் ஊர் ஓடுகளின் நீலமும் தக்காளிச் சிவப்பும், மசூதிகளில் தொங்கிய வண்ணப்பூச்சுக் கண்ணாடி விளக்குகளும் கண்ணை இழுக்கும். இழுக்கட்டும். ஆனால் நீங்கள் நிற்க வேண்டியது ஜேடு என்ற மணிக்கல்லில் செய்த ஒரு வெள்ளைக் குவளையின் முன்.

என்னைக் கேட்டால் இந்தக் குவளைக்காக மட்டுமே கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். குண்டு வயிறு, குட்டைக் கழுத்து. பார்த்தால் நம் வீட்டுப் பித்தளைச் சொம்புக்குக் கைப்பிடி வைத்த மாதிரி. கைப்பிடி ஒரு டிராகன். விளிம்பைக் கவ்வுவதுபோல் தலையை நீட்டியிருக்கிறது. கழுத்தைச் சுற்றிப் புடைப்பாக எழுத்துகள். அதில் உள்ள பெயர் உலுக் பெக், தைமூரின் பேரன், சமர்கண்டில் வானாய்வுக்கூடம் கட்டி நட்சத்திரங்களை எண்ணிய அரசன். 15-ஆம் நூற்றாண்டு. கொஞ்சம் குனிந்து விளிம்பைப் பாருங்கள். அங்கே வேறொரு கையெழுத்து, மெல்லியது. அது முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1613 வாக்கில் பொறிக்கச் சொன்னது. கைப்பிடி அருகே இன்னும் ஒன்று. அது ஷாஜஹான், 1646 வாக்கில். தைமூர் வம்சத்தில் வந்தவர்கள் நாங்கள் என்று முகலாயர்கள் சொல்லிக்கொண்டதற்கு இந்தக் குவளை ஒரு குடும்பச் சொத்து போல. பாட்டி வீட்டு அண்டாவில் பேர் வெட்டி வைப்போமே, அதே பழக்கந்தான், சக்கரவர்த்திகள் செய்தது. சமர்கண்டில் பிறந்து, ஆக்ராவையும் தில்லியையும் ஆண்டவர்கள் கையில் இருந்துவிட்டு, அட்லாண்டிக் கரைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. சித்தப்பா இரண்டாம் தடவை வந்தபோது இதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். "இதுல என்ன குடிச்சிருப்பாங்க?" என்று கேட்டார். ஜஹாங்கீரின் குடிப்பழக்கம் தெரிந்தவர்களுக்குப் பதில் தெரியும்.

ஐரோப்பியப் பகுதியில் முதலில் இரண்டு சின்னத் தலைகள்: ரோகியர் வான் டெர் வெய்டன் 15-ஆம் நூற்றாண்டில் வரைந்த ஒரு பெரிய பலிபீட ஓவியத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட துண்டுகள். அதே ஓவியத்தின் இன்னொரு துண்டு, உட்கார்ந்து புத்தகம் படிக்கும் மக்தலேனா, லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. லண்டன் போகிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஒரு ரகசிய வியாபாரத்தின் சாட்சிகள். 1928-லிருந்து 1930 வரை சோவியத் அரசுக்கு அந்நியச் செலாவணி அவசரமாகத் தேவைப்பட்டது. லெனின்கிராடின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்திலிருந்து சத்தமில்லாமல் விற்கத் தொடங்கினார்கள். சோவியத் எண்ணெய் வியாபாரத்தில் உதவிய குல்பென்கியனுக்கு முதல் அழைப்பு. ரூபன்ஸ் வரைந்த தன் இரண்டாம் மனைவி ஹெலேனா ஃபோர்மென்ட், ரெம்ப்ராண்ட் 1645-ல் வரைந்த ஒரு கிழவர், ஒருகாலத்தில் பேரரசி கேத்தரினுக்குச் சொந்தமாக இருந்த ஊதோன் செதுக்கிய ரோமானிய வேட்டைத் தேவதை டயானாவின் பளிங்குச் சிலை: மூன்றுமே அந்த வழியில் வந்தவை. டயானா ஒற்றைக் காலில் ஓடுகிறாள். பளிங்கு ஒரு காலில் நிற்காது என்பதால் பின்னால் நாணற்புதர் ஒன்றைச் செதுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறார் சிற்பி. சுற்றி வந்து பின்பக்கத்தையும் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. வாங்கிக்கொண்டே இருந்த குல்பென்கியன், 1930-ல் சோவியத் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் அருங்காட்சியகப் பொக்கிஷங்களை விற்காதீர்கள், அது உங்கள் பெயரையே கெடுக்கும் என்று புத்தி சொல்கிறார். விற்கத்தான் போகிறீர்கள் என்றால் எனக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் அதிலேயே சேர்த்துக்கொள்கிறார். இந்த இரண்டு வாக்கியத்தில் முழு மனிதரும் வந்துவிடுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

குவார்தி வரைந்த வெனிஸ் காட்சிகள், டர்னரின் கப்பல் உடைவு, குமிழி ஊதும் மானேயின் சிறுவன் எல்லாம் வழியில் வரும். கால் வலிக்கத் தொடங்கியிருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு லலீக் அறைக்குப் போய்விடுங்கள்.

ரெனே லலீக் நகை செய்பவர், குல்பென்கியனின் நண்பர். நேரடியாகவே அவரிடம் வாங்கினார். இங்கே முத்தாய்ப்பு, 'தும்பிப் பெண்' என்ற மார்பணி. 1897-98-ல் செய்தது. தங்கம், எனாமல், பச்சைக் கல், நிலாக்கல், வைரம். ஒரு தும்பியின் வாயிலிருந்து பெண்ணின் உடல் வெளிவருகிறதா, தும்பி பெண்ணை விழுங்குகிறதா என்று தெரியாது. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இறக்கை. கீழே கழுகின் நகம் போன்ற பெரிய கால்கள். அகலம் ஏறக்குறைய ஒரு சாண். இதை அணிந்து யாரும் கல்யாணத்துக்குப் போக முடியாது. இறக்கைகளுக்குக் கீல் வைத்திருந்தாலும். நகைக்கடைக் குடும்பத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் இறக்கையின் எனாமலைப் பார்த்துவிட்டு, பின்னால் தகடு இல்லாமல் ஒளி ஊடுருவும்படி எனாமலை நிறுத்துவதுதான் இதில் கஷ்டமான வேலை என்றார். அவர் சொன்ன பிறகுதான் அது ஜன்னல் கண்ணாடி மாதிரி இருப்பதைக் கவனித்தேன்.

கதையின் சோகமான பகுதியையும் சொல்ல வேண்டும். அருங்காட்சியகம் கட்டி முடிக்கும் முன் பொருள்களை லிஸ்பனுக்கு வெளியே ஒயிராஷில் இருந்த பொம்பால் மாளிகையில் வைத்திருந்தார்கள். 1967 நவம்பரில் லிஸ்பன் வட்டாரத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளம் அங்கேயும் புகுந்தது. கையெழுத்துச் சுவடிகளும் துணிகளும் சேற்றில் நனைந்தன. அவற்றைச் சரிசெய்யும் வேலை பல ஆண்டுகள் நீண்டது.

பூங்காவின் மறுபக்கம்: நவீனக் கலை மையம்

இரண்டாவது கட்டடத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். குல்பென்கியன் தனக்காக வாங்கியது முதல் கட்டடத்தில். அறக்கட்டளை பிறகு வாங்கியது இங்கே. லெஸ்லி மார்ட்டின் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்து 1983-ல் திறந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா அதை மாற்றியமைத்து 2024 செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள். முன்னால் நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு தாழ்வாரம். மேலே வெள்ளைப் பீங்கான் ஓடு, கீழே நின்று அண்ணாந்தால் மரம். குமா அதை ஜப்பானிய வீட்டுத் தாழ்வாரம் என்கிறார். நமக்குத் திண்ணை என்றால் உடனே புரிந்துவிடும்: உள்ளும் இல்லை, வெளியும் இல்லை, யாரும் உட்காரலாம்.

இங்கே தேட வேண்டிய போர்ச்சுகீசிய ஓவியர்களின் பெயர்கள் இரண்டு. அமதேயு தெ சோசா கார்தோசு, 1918-ல் ஸ்பானிஷ் காய்ச்சலில் முப்பது வயதில் போனவர். இன்னொருவர் போலா ரெகோ. அவரைப் பற்றிப் பேசினால் அடுத்த பகுதிக்கு வந்துவிடுவோம்.

உதவித்தொகை கேட்க வேண்டுமென்றால்

சர்வாதிகாரி சலசார் ஆண்ட போர்ச்சுகலில் ஓர் இளம் ஓவியருக்கு வெளிநாடு போய்ப் படிக்க வழி அபூர்வம். குல்பென்கியன் பணம் அந்தக் கதவைத் திறந்தது. போலா ரெகோவுக்கு 1962-63-ல் கிடைத்தது. எழுபதுகளில் தேவதைக் கதைகளை ஆராய்வதற்கென்று மறுபடியும். லூர்தஷ் காஷ்த்ரு, ரெனே பெர்தோலோ என்ற ஓவியர்கள் பாரிஸில் இருந்துகொண்டு ஒரு பத்திரிகை நடத்தினார்கள். அதன் பெயர் கே.டபிள்யூ.ஒய். அப்போது போர்ச்சுகீசிய நெடுங்கணக்கில் இல்லாத மூன்று எழுத்துகள். ஊரில் இடமில்லாதவர்கள் வைத்துக்கொண்ட பெயர். 1958 முதல், நூலகம் எட்டாத கிராமங்களுக்குச் சிட்ரோயன் வேன்களில் புத்தகம் அனுப்பியதும் இதே அறக்கட்டளை. 1962-ல் இசைக்குழு, 1964-ல் பாடகர் குழு. 1965-ல் தொடங்கிய பாலே குழுவை மட்டும் 2005-ல் மூடிவிட்டார்கள். இன்றும் அதைச் சொல்லி வருத்தப்படுகிற லிஸ்பன்காரர்கள் உண்டு.

சரி, நமக்கு என்ன கிடைக்கும்?

ஊரில் இருந்துகொண்டே பொதுவாக விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். போர்ச்சுகல் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்கள், போர்ச்சுகீசியம் பேசும் ஆப்பிரிக்க நாட்டினர், உலகெங்கும் உள்ள ஆர்மீனியர்கள், போர்ச்சுகலின் கலைஞர்கள் என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி வாசல் இருக்கிறது. நீங்கள் இங்கே படித்துக்கொண்டிருந்தால் உங்கள் வாசல் எது என்று பார்ப்பதுதான் முதல் படி. இணையதளத்தில் 'போல்சாஷ்' என்ற தலைப்பைத் தேடுங்கள். உதவித்தொகை என்று பொருள். 'நோவுஷ் தலென்துஷ்' என்று ஒன்று உண்டு, புதிய திறமைகள். இளநிலை, முதுநிலை மாணவர்கள் ஓர் ஆசிரியரின் துணையோடு ஆய்வில் கால் வைப்பதற்கானது.

இரண்டாவது படி, 'ரெகுலமெந்து' என்ற விதிமுறை ஆவணத்தை முழுக்கப் படிப்பது. போர்ச்சுகீசியத்தில் இருந்தால் மொழிபெயர்த்தாவது படியுங்கள். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி அழகாகக் கட்டுரை எழுதி அனுப்பினாள். சேர்க்கை ஆண்டு பற்றிய ஒரு வரியைப் பார்க்காததால் தகுதியில்லை என்று வந்துவிட்டது. விண்ணப்பம் திறந்திருக்கும் காலம் குறுகியது, எனவே மதிப்பெண் பட்டியல், வசிப்பிட அட்டை, ஆசிரியர் கடிதம் மூன்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். ஆகஸ்டில் கேட்கவே கேட்காதீர்கள், ஊரே கடற்கரையில் இருக்கும்.

எங்கோ தொலைவில் நடக்கிற வேலைக்கும் இவர்கள் கண் போகாமல் இல்லை. பருவநிலைக்காகத் தரும் பத்து லட்சம் யூரோ பரிசை 2020-ல் முதலில் பெற்றவர் கிரெட்டா துன்பெர்க். 2024-ல் அதைப் பகிர்ந்துகொண்டவர்களில் நம் பக்கத்து ஆந்திராவின் இயற்கை விவசாயத் திட்டமும், மண்ணியல் அறிஞர் ரத்தன் லாலும் இருந்தார்கள். எண்ணெயில் வந்த பணம் பருவநிலைக்குப் பரிசு தருவது முரண் இல்லையா என்று கேட்பீர்கள். அவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். 2019-ல் தங்கள் எண்ணெய் நிறுவனத்தைத் தாய்லாந்து நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டு வெளியே வந்தார்கள்.

சில்லறை விஷயங்கள்

வளாகத்துக்குள்ளேயே கலை நூலகம் இருக்கிறது. ஓவியம், கட்டடக்கலை படிப்பவர்கள் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது. ஊரில் இருப்பவர்கள் சேகரிப்பை இணையத்திலேயே பார்க்கலாம். அந்த ஜேடு குவளையும் அதில் உண்டு. பெரியவர்களைக் கூட்டிப்போனால் இரண்டு கட்டடத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம், நடுவில் பூங்காவில் உட்கார நேரம் விடுங்கள். குழந்தைகள் இருந்தால் வாத்துகளை முதலில் காட்டாதீர்கள். அப்புறம் ரெம்ப்ராண்டே வந்து கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார்கள்.